லேபர் வார்டில் அன்று இரவு நான் அடித்தேன். இந்த வேலையில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி

#1 இரவுப்பணி_சிஸ்டர்

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 14 வருட சர்வீஸில் 9 வருடம் லேபர் வார்டு. இதை எழுத நினைத்து ஒரு வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

போன செவ்வாய் இரவு நாங்கள் இரண்டு சிஸ்டர், ஒரு ஆயாம்மா. எட்டு டேபிளும் நிறைந்துவிட்டது. இன்னும் இரண்டு பேர் வராந்தா கட்டிலில். ஒரு டேபிளில் 19 வயதுப் பெண், முதல் பிரசவம். தலை தெரிகிறது. முக்கச் சொன்னால் முக்காமல் இடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து போகிறாள். பக்கத்து டேபிளில் பிரசவம் முடிந்தவருக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை, பி.ஜி (மேற்படிப்பு படிக்கும்) டாக்டரும் இன்னொரு சிஸ்டரும் அங்கே. இங்கே குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. நான் அவள் தொடையில் அடித்தேன். "பிள்ளையக் கொல்லப் போறியா" என்று கத்தினேன். ஐந்து நிமிடத்தில் குழந்தை வந்துவிட்டது, நன்றாக அழுதது.

காலையில் டூட்டி முடிந்து போகும்போது பிரசவித்தவர்கள் வார்டில் எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்து, "நீங்கதாம்மா என் பேரனக் காப்பாத்துனீங்க" என்று அழுதார். அவர் நன்றி சொல்லச் சொல்ல என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆறுதல் கேட்டு எழுதவில்லை. மரியாதையான மகப்பேறு சேவை என்று எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். குறிப்பு எடுத்தேன், பரீட்சையும் எழுதினேன். எல்லாம் தெரிந்த எனக்கு எப்படிக் கை நீண்டது? இதே வேலையில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

#2 மகப்பேறு_பிஜி

சிஸ்டர், குழந்தை உயிரோடு இருக்கிறது, தாய் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் மனதில் வையுங்கள். நான் இரண்டாம் வருடம் எம்.எஸ். ஒரு 24 மணி நேரத்தில் 22 பிரசவம், அதில் 9 சிசேரியன் பார்த்த நாள் எனக்கு உண்டு. அன்று நான் சாப்பிட்டது ஒரு பன், ஒரு டீ.

2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 54. இந்திய சராசரி 97. இந்த 54 சும்மா வரவில்லை. ஒரு தாய் இறந்தால் கலெக்டர் வரைக்கும் ஆடிட் போகிறது. எந்த நிமிடம் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்கிறார்கள். அந்த பயம் எங்கள் எல்லோர் தலை மேலும் இருக்கிறது. துடிப்பு இறங்கும்போது மெதுவாகப் பேசிக்கொண்டு நிற்க முடியுமா? அடித்தது தப்புதான். ஆனால் அதற்காக நீங்கள் உடைந்து போக வேண்டாம்.

#3 இரண்டு_பிள்ளை_அம்மா

நான் இந்தத் துறை இல்லை. பிள்ளை பெற்றவள் என்ற தகுதியில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

என் மூத்தவளுக்கு இப்போது 11 வயது. அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். வலி தாங்காமல் "அம்மா" என்று கத்தினேன். ஒரு சிஸ்டர், "புருஷன்கிட்ட போகும்போது அம்மா ஞாபகம் வரலையா" என்றார். சுற்றி நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் சிரித்தார். தையல் போட்ட வலி போய்விட்டது. அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காகவே இரண்டாவதைத் தனியார் மருத்துவமனையில் பெற்றேன், நகையை அடகு வைத்து.

அங்கே வாய்க்கு வாய் மேடம் என்றார்கள். ஏசி அறை. ஆனால் எதற்கு சிசேரியன் என்று கேட்டதற்கு, "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இன்று வரை எனக்குக் காரணம் தெரியாது.

டாக்டர் தம்பி, உங்கள் 54 எனக்குப் புரிகிறது. உயிரோடு திரும்பியதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேனே என்பதற்காக அந்த வார்த்தையை மறந்துவிட முடியவில்லை.

#4 ஓய்வு_சிஸ்டர்

இரவுப்பணி, உன் வயதில் எனக்கு மகள் இருக்கிறாள். அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

நானும் அடித்திருக்கிறேன். ஒரு முறை இல்லை, பல முறை. எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் சிஸ்டர் அடித்தார், நானும் அடித்தேன். அடித்தால்தான் முக்குவார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். அப்புறம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாகப் பிரசவம் பார்க்க வேண்டி வந்தது. இரவில் நான், ஒரு ஆயா, அவ்வளவுதான். அங்கே அந்தப் பெண் ஒத்துழைக்காவிட்டால் எனக்கு வேறு வழியே இல்லை. அங்கேதான் கற்றேன்.

இடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்கிறாள் என்றாயே, அது பிடிவாதம் இல்லையம்மா. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை விரித்துக் கட்டிவிட்டால், வலி வரும்போது உடம்பு தானாக அந்த வலியை விட்டு விலகப் பார்க்கும். சுடுகிற பாத்திரத்திலிருந்து கை விலகுகிற மாதிரி. அவளைத் திட்டினால் இன்னும் மேலே ஏறுவாள். நான் செய்தது இதுதான். கால்பக்கமிருந்து எழுந்து தலைப்பக்கம் போவேன். முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, பெயர் சொல்லி, தாழ்ந்த குரலில், "என்னைப் பார். அடுத்த வலி வரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து முக்குவோம்" என்பேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். பாதிப் பேருக்குத் துடிப்பும் அதிலேயே ஏறிவிடும். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று. அறையில் ஒரே குரல்தான் கேட்க வேண்டும். டாக்டர் ஒன்று, சிஸ்டர் ஒன்று, ஆயா ஒன்று என்று மூன்று பேர் "முக்கு முக்கு" என்று கத்தினால் அவளுக்கு ஒன்றும் விளங்காது.

#5 மகப்பேறு_பிஜி

அம்மா, இது எங்களுக்கு எந்தப் பாடத்திலும் இப்படிச் சொல்லவில்லை. இடது பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பக்கம் போகச் சொல்லவில்லை. நாளைக்கே செய்து பார்க்கிறேன்.

3ஆம் பதிவு எழுதிய அக்காவுக்கு: பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அந்த வசனத்தை நானும் வார்டில் கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட நிறுத்தச் சொன்னதில்லை.

#6 நர்சிங்_ஆசிரியை

செவிலியர் கல்லூரியில் மகப்பேறு பாடம் எடுக்கிறேன். இரவுப்பணி சிஸ்டர், நீங்கள் சொன்ன அந்த நேரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

2019இல் தி லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கானா, கினி, மியான்மர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரசவ அறையிலேயே ஆள் உட்கார்ந்து கவனித்து எழுதியது. கவனித்த 2,016 பெண்களில் 838 பேர் அடி, திட்டு, அவமானம், பாகுபாடு என்று ஏதாவது ஒன்றை அனுபவித்திருந்தார்கள். இது எந்த நேரத்தில் அதிகம் நடந்தது தெரியுமா? குழந்தை பிறப்பதற்கு முந்தைய 30 நிமிடம் முதல் பிறந்த பின் 15 நிமிடம் வரை. நீங்கள் கை நீட்டியது சரியாக அந்த இடத்தில். அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் வயது குறைந்தவர்கள், படிப்புக் குறைந்தவர்கள். உங்கள் 19 வயதுப் பெண்.

இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. எங்கே வழுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அங்கே தயாராக நிற்கலாம். நான் மாணவிகளுக்கு இப்போது பிரசவத்தின் இரண்டாம் கட்டத்தை, அதாவது முக்கும் நேரத்தை, நடித்துக் காட்டித்தான் சொல்லித் தருகிறேன். ஒருத்தி டேபிளில் படுப்பாள், மற்றவர்கள் சுற்றி நின்று கத்துவார்கள். இரண்டு நிமிடத்தில் படுத்தவள் எழுந்துவிடுவாள், "போதும் மேடம்" என்று. அதற்குப் பிறகு நான் பாடம் எடுக்கவே தேவையில்லை.

அதே ஆய்வில் உள் பரிசோதனைகளில் பாதிக்கு மேலும், பிறப்புறுப்பில் வெட்டுப் போட்டதில் முக்கால் பங்கும் கேட்காமலே செய்யப்பட்டவை. நம் ஊர் வார்டில் உட்கார்ந்து எண்ணினால் எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும். எத்தியோப்பியா தன் 2015 சுகாதாரத் திட்டத்திலேயே இரக்கமும் மரியாதையும் உள்ள பணியாளர்கள் என்பதை ஒரு முக்கிய இலக்காக எழுதி வைத்தது. நம் நாட்டில் 2017 டிசம்பரில் பிரசவ அறைகளை மேம்படுத்த வந்த லக்ஷ்யா திட்டத்திலும் திரை, துணை, திட்டாமல் அடிக்காமல் நடத்துவது எல்லாம் இருக்கிறது. எழுத்தில் குறையில்லை.

#7 தொகுப்பூதியம்

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். எங்களை யார் மரியாதையாக நடத்துகிறார்கள்?

தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறேன். எட்டாம் மாதம் வரை வயிற்றைத் தூக்கிக்கொண்டு நைட் டூட்டி பார்த்தேன். கால் வீங்கி செருப்பு போட முடியவில்லை. லீவு கேட்டதற்கு, "ஆள் இல்லம்மா, நீயே பார்த்துக்கோ" என்றார்கள். அதே வார்டில் வளைகாப்பு நடத்தி போட்டோ எடுத்தார்கள், வெளி நோயாளிகளுக்கு. நோயாளியின் சொந்தக்காரர் குடித்துவிட்டு வந்து கையை ஓங்குகிறார், செக்யூரிட்டி ஒதுங்கி நிற்கிறார். ஒரு ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் விட்டுப் போனால் மெமோ. டாக்டர் எங்களைக் கத்துகிறார், நாங்கள் ஆயாம்மாவைக் கத்துகிறோம், எல்லோரும் சேர்ந்து டேபிளில் படுத்திருப்பவளைக் கத்துகிறோம். கடைசியில் இருப்பவள் அவள்தான்.

ஐந்து பேர் வேலையை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு, "சிரித்த முகத்தோடு செய்" என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் எரிச்சல்தான் வரும். முதலில் ஆள் போடுங்கள்.

#8 இரவுப்பணி_சிஸ்டர்

தொகுப்பூதியம், நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் சரி. எட்டாம் மாதத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். ஆள் போட வேண்டும் என்று சங்கத்தில் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

ஆனால் ஒன்று யோசித்தேன். அன்று இரவு பக்கத்து டேபிளில் நின்றிருந்த பி.ஜி டாக்டரை நான் அடித்திருப்பேனா? அவர் எவ்வளவு தாமதம் செய்தாலும் கை நீண்டிருக்காது. கண்காணிப்பாளரின் மகள் அந்த டேபிளில் படுத்திருந்தால்? நிச்சயமாக இல்லை. அதே களைப்பு, அதே இரண்டு பேர், அதே எட்டு டேபிள். அப்போதும் எனக்குப் பொறுமை வந்திருக்கும். அப்படியென்றால் களைப்பு மட்டும் காரணம் இல்லை. அவள் என்னைத் திருப்பி எதுவும் கேட்க மாட்டாள் என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது. இதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

#9 கடலோர_விஎச்என்

8ஆம் பதிவுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கிராம சுகாதார செவிலியர் நான். பிரசவ அறைக்குள் என்ன நடக்கிறது என்பது எங்களிடம்தான் திரும்பி வருகிறது, ஆறு வாரம் கழித்து வீட்டுக்குப் போகும்போது.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் வந்தது. அந்த எண்ணை நாங்கள் நடந்து நடந்து சேர்த்தோம். அந்த மீதிப் புள்ளியில் இருப்பவர்களை எனக்கு முகத்தோடு தெரியும். என் பகுதியில் இருளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பெண், மூன்றாவது பிரசவம். "ஆஸ்பத்திரி வேணாம் சிஸ்டர், இங்கயே பெத்துக்கிறேன்" என்று பிடிவாதம். இரண்டு நாள் உட்கார்ந்து பேசியபோது சொன்னாள். போன பிரசவத்தில் உள்ளே போனதுமே, "குளிச்சிட்டு வந்தியா, அந்தப் பக்கம் படு" என்றார்களாம். தொடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். அதே வார்டில் மற்ற பெண்களை வாம்மா போம்மா என்று பேசினார்களாம். அவளுக்கு மட்டும் அந்த "ம்மா" இல்லை.

நானே கூடப் போய் உட்கார்ந்ததால் வந்தாள். எல்லா நேரமும் நான் போக முடியுமா? நல்ல சாலை, 108 வண்டி, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி நம்பர், 18 ஆயிரம் ரூபாய் உதவி எல்லாம் கொடுத்து ஒரு பெண்ணை வாசல் வரை கொண்டு வருகிறோம். உள்ளே சொல்கிற ஒரு வார்த்தை அவளை வீட்டுக்குத் துரத்திவிடுகிறது. அவளோடு அவள் தங்கச்சியும் நாத்தனாரும் சேர்ந்து வர மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு, இங்கே யாரும் தொடவில்லை. பிரசவம் முடிந்த கையோடு கருத்தடைக்கான காப்பர் டி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். போட்டதே தெரியாமல் மூன்று மாதம் கழித்து வயிற்று வலி என்று என்னிடம் வருகிறாள். சீட்டில் எழுதியிருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் பாதிப் பேர் சரி என்றுதான் சொல்வார்கள். கேளுங்கள், அவ்வளவுதான்.

#10 வெளியே_நின்றவன்

கணவன் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. ஒன்பது மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அலறல் கேட்கிறது, என் மனைவியா வேறு யாருமா என்று தெரியாது. ஒருவர் வெளியே வந்தார், ஓடிப் போய்க் கேட்டேன். "பையன், ஆயிரம் ரூபா குடுங்க" என்றார். மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணம் கொடுத்த பிறகுதான், "நல்லா இருக்கா" என்றார்.

சிஸ்டர்கள் நிலைமை இங்கே படித்த பிறகு நன்றாகப் புரிகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை யாராவது வெளியே வந்து ஒரு வரி சொன்னால் போதும். பாதிச் சண்டை வராது.

#11 மயக்கமருந்து_மருத்துவர்

தையல் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை, நான் எழுதுகிறேன். என் தங்கைக்கு நடந்தது என்பதால் எனக்கு இது சொந்த விஷயமும்கூட.

வெட்டுப் போட்டாலும், கிழிந்தாலும், தைப்பதற்கு முன் அந்த இடம் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போடுகிறார்கள். போட்ட அடுத்த நொடியே தையல் ஊசியைக் குத்தத் தொடங்கிவிடுகிறார்கள். மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடம் காத்திருக்காமல் தைத்துவிட்டு, "மருந்து போட்டாச்சே, ஏன் கத்துற?" என்று அதட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அவள் சொல்வது உண்மை, அவளுக்கு வலிக்கிறது. மருந்தைப் போட்டுவிட்டு அந்த இடைவெளியில் குழந்தையை நெஞ்சில் வைக்கலாம், ரிஜிஸ்டர் எழுதலாம். பிறகு ஊசி முனையால் லேசாகத் தொட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

அப்புறம், எல்லோருக்கும் வெட்டுப் போடும் பழக்கம். முதல் பிரசவம் என்றாலே எபி (அந்த வெட்டு) என்று எத்தனை இடத்தில் இன்னும் நடக்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையில் வழக்கமாக எல்லோருக்கும் போடக் கூடாது என்று இருக்கிறது. ஆயா ஸ்டூலில் ஏறி வயிற்றை அமுக்குவதையும் அதில் கூடாது என்கிறார்கள். நடக்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள்.

#12 மகப்பேறு_பிஜி

நடக்கிறது டாக்டர்.

உள் பரிசோதனை பற்றி நானே சொல்கிறேன். தீவிர வலி வந்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதுதான் அளவு. எங்கள் இடத்தில் நான் பார்ப்பேன், ஹவுஸ் சர்ஜன் பார்ப்பார், சந்தேகம் என்று சீனியர் பார்ப்பார், ரவுண்ட்ஸில் மேடம் பார்ப்பார். பயிற்சிக்காக ஒரு மாணவனும். ஒரே மணி நேரத்தில் ஐந்து கை. நான் மாணவனாக இருந்தபோது அந்த ஐந்தாவது கை என்னுடையது. எதிரே படுத்திருந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. "நாலாவது டேபிள் எத்தனை சென்டிமீட்டர்" என்றுதான் கேட்டார்கள்.

இந்த இழையைப் படித்த பிறகு இரண்டு நாளாக ஒவ்வொருவரிடமும், "உள்ள பார்க்கப் போறேன்மா, வலி வரும்போது சொல்லுங்க, நிறுத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்கிறேன். நேரம் கூடும் என்று நினைத்தேன். குறைந்திருக்கிறது. இறுக்கிக்கொள்ளாமல் விடுகிறார்கள்.

#13 ஓய்வு_சிஸ்டர்

தம்பி, பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும், கர்ப்பப்பை சுருங்குவது தடைபடும் என்று நீதான் படித்திருப்பாய். ஆடும் மாடும்கூட ஈனும்போது ஆள் நடமாட்டம் இல்லாத மூலையைத் தேடிப் போகும்.

#14 கடலோர_விஎச்என்

துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதைப் பற்றியும் பேசுவோமா? தமிழ்நாட்டில் இது இருபது வருடப் பழைய திட்டம். 2016இல் மத்திய அரசும் வழிகாட்டி கொடுத்தது. பெண் உறவினர், தனக்குப் பிரசவம் ஆனவர், தொற்று நோய் இல்லாதவர், சிகிச்சையில் குறுக்கிடாதவர் என்று. ஆனால் என் பெண்கள் பலர், "அம்மாவ வாசல்லயே நிறுத்திட்டாங்க" என்றுதான் சொல்கிறார்கள். ஏன்?

#15 தொகுப்பூதியம்

நான் சொல்கிறேன், ஏன் என்று. எங்கள் அறையில் டேபிளுக்கு டேபிள் இரண்டடி இடைவெளி. எட்டு டேபிளுக்கு எட்டு அம்மா நின்றால் டிராலி போகாது. திரை இல்லாததால் ஒருத்தியின் துணைக்கு வந்தவர் பக்கத்துப் பெண்ணையும் பார்க்கிறார். சில மாமியார்கள், "என் காலத்துல நான் சத்தமே போடல" என்று எங்களைவிட அதிகமாகத் திட்டுகிறார்கள். அவர்களை வெளியே அனுப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நல்ல துணை இருந்த பிரசவத்தில் எனக்கு வேலை பாதி. முதுகைத் தேய்த்துவிடுகிறார், தண்ணீர் கொடுக்கிறார், ஏதாவது மாறினால் ஓடி வந்து சொல்கிறார். இன்னொன்று, அவர் நிற்கும்போது நான் கத்துவதில்லை. நேற்று டூட்டியில்தான் இதைக் கவனித்தேன்.

#16 நர்சிங்_ஆசிரியை

தொகுப்பூதியம், உங்கள் கடைசி வரியை என் வகுப்பில் சொல்லலாமா? பெயர் சொல்ல மாட்டேன்.

தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது என்று 17 நாடுகளில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மாமியாரா அம்மாவா என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். நம்மிடம் அந்தக் கேள்விதான் இல்லை. "துணைக்கு யார் வந்திருக்கா" என்கிறோம். "யார் இருந்தா உனக்குத் தெம்பா இருக்கும்" என்று கேட்டுப் பாருங்கள்.

#17 பெயர்_வேண்டாம்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான். ஆனால் எழுதுவது நோயாளியாக.

36ஆவது வாரத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. நான் வேலை பார்க்காத வேறொரு மருத்துவமனை. ஸ்கேன் பார்த்தவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் என் கணவரிடம் சொன்னார். நான் திரையில் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியும், துடிப்பு இல்லை. இருந்தும் யாராவது என்னிடம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சாயங்காலம் வரை யாரும் சொல்லவில்லை.

வலிக்கு மருந்து வைத்து இரவு முழுவதும் மற்ற பெண்களோடு அதே அறையில். ஒவ்வொரு டேபிளிலும் குழந்தை அழுகிறது. எனக்குப் பிறந்ததும் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். "பாக்காத, பாத்தா மறக்க முடியாது" என்றார் ஒரு சிஸ்டர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பிறகு பிரசவித்தவர்கள் வார்டிலேயே கட்டில் கொடுத்தார்கள். காலையில் ஒரு பயிற்சி மாணவி வந்து, "பாப்பா எங்கக்கா, வெயிட் போடணும்" என்றாள். அவள் மேல் தப்பில்லை, கேஸ் ஷீட்டில் யாரும் குறித்து வைக்கவில்லை.

அந்த இரவில் ஒரே ஒருவர், வயதான ஆயாம்மா, என் பக்கத்தில் வந்து, "பொம்பளப் புள்ள சாமி. தலை நிறைய முடி. மூக்கு ஒன்ன மாதிரி" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை, தலையைக் கோதிவிட்டுப் போனார். என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

இப்போது என் வார்டில் இப்படி ஒரு தாய் வந்தால் நானே போய் உட்கார்ந்து சொல்கிறேன். பார்க்கிறாயா, வைத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள், சரி. பார்க்கிறேன் என்பவர்களுக்குக் குழந்தையைத் துடைத்து, துண்டில் சுற்றி, முகம் தெரியக் கொடுக்கிறேன். வேறு அறை இல்லையென்றால் ஓரக் கட்டிலாவது வாங்கித் தருகிறேன். கேஸ் ஷீட்டின் மேல் சிறிய குறி ஒன்று போட்டுவிடுகிறேன், யாரும் பாப்பா எங்கே என்று கேட்டுவிடாதபடி. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

#18 மகப்பேறு_பிஜி

சிஸ்டர், அந்தக் குறியை எங்கள் யூனிட்டிலும் நாளை முதல் போடுகிறோம். மேடமிடம் பேசிவிட்டேன்.

#19 இரவுப்பணி_சிஸ்டர்

17ஆம் பதிவைப் படித்துவிட்டு ஒரு நாள் எதுவும் எழுத முடியவில்லை.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் எனக்கு ஆஃப். இருந்தும் போனேன். அம்மா மருந்துச் சீட்டு வாங்கப் போயிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு ராத்திரி நான் உன்ன அடிச்சது தப்பு. திட்டுனதும் தப்பு. மன்னிச்சிடும்மா" என்றேன். என்ன சொல்வாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி கேட்டேன் சிஸ்டர். மூணு வாட்டி கேட்டேன்" என்றாள்.

எனக்கு அவள் கேட்டதே நினைவில்லை.

அதிலிருந்து செய்தவை, பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு டேபிள் தலைமாட்டிலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறோம். நோயாளியின் பெயரைப் பட்டை டேப்பில் எழுதி டேபிள் கம்பியில் ஒட்டுகிறோம், நம்பர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. திரைக்கு இன்டென்ட் (கேட்டு எழுதும் படிவம்) போட்டால் எப்போது வரும் என்று தெரியாது, அதனால் நாங்களே காசு போட்டு ஆறு டேபிளுக்குத் துணி வாங்கித் தைத்துவிட்டோம். இரண்டுக்குக் கம்பி இல்லை. இன்னொரு சிஸ்டரிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். என் குரல் ஏறினால் என் தோளைத் தொட வேண்டும். இரண்டு முறை தொட்டார். ஒரு முறை எனக்குக் கோபம் வந்தது, ஆனால் தலைப்பக்கம் போனேன்.

ஒரு சந்தேகம். தண்ணீர் பாட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர், "திடீர்னு சிசேரியன் ஆனா யார் பதில் சொல்றது, வாயில ஒண்ணும் குடுக்காதீங்க" என்று எடுக்கச் சொன்னார். மயக்கமருந்து டாக்டர் இதற்குப் பதில் சொல்ல முடியுமா? இன்று இரவும் எனக்கு டூட்டி.

#20 மயக்கமருந்து_மருத்துவர்

முடியும். சிக்கல் இல்லாத பிரசவ வலியில் இருப்பவர் தண்ணீர், இளநீர், பால் கலக்காத டீ மாதிரி தெளிந்த திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையில் சிக்கல் குறைந்த பெண்களுக்குத் திரவமும் உணவும் கொடுக்கலாம் என்றே இருக்கிறது. சிசேரியன் ஆகும் வாய்ப்பு அதிகம் என்று குறித்து வைத்தவர்களுக்கு மட்டும் எங்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலான அவசர சிசேரியனை இப்போது முதுகுத்தண்டு ஊசியில்தான் செய்கிறோம். எப்படியிருந்தாலும் பிரசவ வலியில் வருபவரை வயிறு நிறைந்தவராகவே கணக்கில் வைத்து, வாந்தி நெஞ்சுக்குள் போகாமல் இருக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்போம். நாலு மிடறு தண்ணீர் எங்கள் வேலையை மாற்றப் போவதில்லை.

அந்த டாக்டரிடம் உங்கள் மருத்துவமனை மயக்கமருந்துத் துறைத் தலைவரை ஒரு முறை பேசச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி லேபர் வார்டு சுவரில் ஒட்டிவிடுங்கள், டூட்டி மாறும்போது மறுபடியும் எடுத்துவிடாமல் இருக்கும். என்ன எழுத வேண்டும் என்று மாலைக்குள் இங்கேயே பதிகிறேன்.

#21 தொகுப்பூதியம்

இரவுப்பணி அக்கா, அந்த இரண்டு டேபிளுக்குக் கம்பி வேண்டாம். சுவரில் இரண்டு கொக்கி அடித்து நைலான் கயிறு இழுத்துக் கட்டினால் திரை நிற்கும். எங்கள் வார்டில் நேற்றுதான் கட்டினோம். போட்டோ அனுப்புகிறேன்.